ஆஃப்செட் கிதார் சேகரிப்பு

இக்கட்டுரை மின்கிதார் வகை ஒன்றைச் சேகரிப்பது பற்றியது. அச்சு முறை பற்றி அறிய, ஆஃப்செட் அச்சு என்னும் கட்டுரையைப் பார்க்கவும்.

ஆஃப்செட் கிதார் சேகரிப்பு என்பது, இடைப்பகுதியின் இரு வளைவுகளும் ஒன்றுக்கொன்று நேரெதிரே அமையாமல் விலகி அமைந்த உடலைக் கொண்ட மின்கிதார்களைத் தேடி வாங்கி, ஆராய்ந்து, பேணும் பொழுதுபோக்கு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1958 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜாஸ்மாஸ்டர், 1962 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜாகுவார் ஆகியவை இவ்வகைக் கிதார்களுள் முதன்மையானவை. நிறுவனத்தின் மிக விலையுயர்ந்த கருவிகளாக அறிமுகமான இவை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் போதிய விற்பனையின்றித் தயாரிப்பிலிருந்து நீக்கப்பட்டன. அடகுக் கடைகளில் மலிவாகக் கிடைத்த காரணத்தாலேயே கையில் பணமில்லாத இளம் இசைக்கலைஞர்களிடம் சென்று சேர்ந்தன. அவர்களது இசையால் பெற்ற புகழே பின்னர் இவற்றைச் சேகரிப்புப் பொருட்கள் ஆக்கியது.

இக்கிதார்கள் தோல்வியடைந்ததற்குக் காரணமான குறைகள் பலவும் இன்றும் அவற்றில் அப்படியே உள்ளன. அவற்றைத் திருத்தினால் கருவி வாசிக்க ஏற்றதாகும். திருத்தாமல் விட்டால் அதன் மதிப்பு நிலைக்கும். இச்சேகரிப்பின் இன்பமும் இடரும் பெரும்பாலும் இந்த முரண்பாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

உடல் அமைப்பு

பொதுவான கிதார்களில், உடலின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் உள்ள இடை வளைவுகள் ஒரே உயரத்தில் அமைந்திருக்கும். ஆஃப்செட் கிதார்களில் ஒரு பக்க வளைவு மற்றதைவிடக் கழுத்தை நோக்கித் தள்ளி அமைந்திருக்கும். இதனால் உடல் முழுவதும் ஒருபுறம் சாய்ந்தது போன்ற தோற்றத்தைப் பெறுகின்றது. இது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. உட்கார்ந்து வாசிப்பவரின் தொடை மீது கருவி சமநிலையுடன் அமர்வதற்கும், முன்கை தடையின்றி உடல் மீது படிவதற்கும் இவ்வமைப்பு உதவுகின்றது. அக்காலத்தில் ஜாஸ் இசைக்கலைஞர்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே வாசித்தனர். லியோ ஃபெண்டர் 1958 ஆம் ஆண்டில் விண்ணப்பித்த இவ்வடிவமைப்புக்கு 1960 ஆம் ஆண்டில் 2,960,900 என்ற எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இவ்வெண் கிதார்களின் தலைப்பகுதியில் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டிலும் அச்சிடப்பட்டது. காப்புரிமை கிடைப்பதற்கு முன் செய்யப்பட்டவற்றில், காப்புரிமை நிலுவையில் உள்ளது என்ற குறிப்பு மட்டுமே காணப்படும். ஆகவே, பெயர்ச்சீட்டு கிதாரின் காலத்தைக் கணிக்க உதவும் சான்றுகளுள் ஒன்றாகும்.

வரலாறு

தோற்றம்

கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் இயங்கிய ஃபெண்டர் நிறுவனம், 1950களில் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மின்கிதார்களால் பெயர் பெற்றிருந்தது. எனினும், ஜாஸ் கலைஞர்கள் உள்ளீடற்ற உடலைக் கொண்ட பெரிய கிதார்களையே விரும்பினர். அவர்களை ஈர்க்கும் நோக்கத்துடன் 1958 இல் ஜாஸ்மாஸ்டர் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 330 டாலர் பட்டியல் விலையில் விற்கப்பட்ட இதுவே அப்போது நிறுவனத்தின் உயர்தர மின்கிதார் ஆகும். ஈட்டி மரத்தாலான மெட்டுப் பலகை ஃபெண்டர் மின்கிதார்களில் முதன்முதலாக இதிலேயே வழக்கமான உறுப்பாக இடம்பெற்றது.

அகன்று தட்டையாகச் சுற்றப்பட்ட பிக்கப்புகள், மென்மையான ஒலிக்கெனத் தனி மின்சுற்று, புதிய வகை டிரெமோலோ ஆகியவை இதன் பிற சிறப்புகள். ஆயினும், ஜாஸ் கலைஞர்களுள் மிகச் சிலரே இதனை ஏற்றனர். மாறாக, கலிபோர்னியக் கடற்கரையில் அப்போது உருவாகி வந்த சர்ஃப் இசைக்குழுக்கள் இதனை விரும்பி வாங்கின. 1962 இல் வெளிவந்த ஜாகுவாரின் பட்டியல் விலை ஏறத்தாழ 380 டாலர். பளபளப்பான குரோமியத் தகடுகளும் கூர்மையான ஒலியும் கொண்ட இதுவும் சர்ஃப் குழுக்களிடையே பரவியது. பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் ஜாகுவார் வாசித்தவர்களுள் ஒருவர்.

சரிவு

1965 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதே காலப்பகுதியில் சர்ஃப் இசையின் அலையும் ஓயத் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் ஜிமி ஹென்றிக்ஸ் முதலியோர் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும், வேறு பல ராக் கலைஞர்கள் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிதாரையும் வாசித்துப் புகழ் பெற்றனர். அதிக ஒலிப்பெருக்கத்துடன் வாசிக்கும்போது ஜாஸ்மாஸ்டரின் பிக்கப்புகள் எளிதில் இரைச்சலை எழுப்பின. மெல்லிய தந்திகளைப் பூட்டியபோது அதன் குதிரை சரிவர இயங்கவில்லை. விற்பனை குறைந்ததால் 1975 இல் ஜாகுவாரும், 1980 இல் ஜாஸ்மாஸ்டரும் தயாரிப்பிலிருந்து நீக்கப்பட்டன.

மறுவரவு

யாரும் விரும்பாத இக்கிதார்கள் 1970களிலும் 1980களிலும் பழைய பொருள் கடைகளில் மலிவு விலையில் கிடைத்தன. அதே ஆண்டில் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாங்க இயலாதவர்கள் இவற்றை வாங்கினர். டெலிவிஷன் குழுவின் டாம் வெர்லைன் ஜாஸ்மாஸ்டரைத் தமது முதன்மைக் கருவியாகக் கொண்டிருந்தார். 1977 இல் வெளிவந்த எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் இசைத்தொகுப்பின் அட்டையிலும் ஜாஸ்மாஸ்டர் இடம்பெற்றது. டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ், ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கப் போதிய பணமின்றி ஜாஸ்மாஸ்டரை வாங்கியவர் ஆவார்.

நியூயார்க்கின் சோனிக் யூத் குழுவினர் மலிவான கிதார்கள் பலவற்றை வாங்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு சுருதியில் அமைத்து வாசித்தனர். குதிரைக்கும் டிரெமோலோவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தந்திப் பகுதியைத் தட்டி மணியோசை போன்ற ஒலிகளை எழுப்புவதும் அவர்களது வழக்கம். பிறர் குறையாகக் கருதிய அந்த நீண்ட இடைவெளி அவர்களுக்கு இசைக்கும் இடமாயிற்று. மை பிளடி வேலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், டிரெமோலோ கைப்பிடியைப் பிடித்தபடியே தந்திகளை மீட்டி, சுருதி அலைந்துகொண்டே இருக்கும் ஒலியை உருவாக்கினார். 1991 இல் வெளியான லவ்லெஸ் இசைத்தொகுப்பு இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். அதே ஆண்டில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1965 ஆம் ஆண்டு ஜாகுவார் ஒன்றை வாங்கினார். அதன் பிறகு இக்கிதார்களுக்கான தேவையும் விலையும் ஏறத் தொடங்கின.

சேகரிக்கப்படும் முதன்மை வகைகள்

* ஜாஸ்மாஸ்டர் (1958–1980): 25.5 அங்குலத் தந்தி நீளமும் 21 மெட்டுகளும் கொண்டது. 1958, 1959 ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்டவற்றில் பொன்னிற அலுமினிய முகப்புத் தகடு காணப்படும். பின்னர் வந்தவற்றில் ஆமையோட்டுத் தோற்றம் கொண்ட செல்லுலாய்டுத் தகடு பரவலாகப் பயன்படுத்தப்பட்டது.

* ஜாகுவார் (1962–1975): 24 அங்குலத் தந்தி நீளமும் 22 மெட்டுகளும் கொண்டது. பிக்கப்புகளைச் சுற்றிப் பல் போன்ற விளிம்புடைய உலோகத் தகடுகள் உள்ளன. தந்தியோசையை அடக்கும் நுரை இரப்பர் அமைப்பு ஒன்றும் குதிரையை ஒட்டி வழங்கப்பட்டது. அதைப் பெரும்பாலான உரிமையாளர்கள் கழற்றி எறிந்துவிட்டனர். ஆகவே, அவ்வமைப்புடன் கூடிய ஜாகுவார் இன்று அரிதாகக் கருதப்படுகின்றது.

* மஸ்டாங் (1964–1982): மாணவர்களுக்கெனச் செய்யப்பட்ட சிறிய, விலை குறைந்த கிதார். இதன் இடை வளைவுகளின் விலகல் ஜாஸ்மாஸ்டரில் உள்ளதைவிடக் குறைவு.

* ஃபெண்டர் VI (1961): சாதாரண கிதாரைவிட ஓர் எட்டம் கீழான சுருதியில் அமைந்த ஆறு தந்திக் கருவி. குறைந்த எண்ணிக்கையிலேயே விற்கப்பட்டதால் தேடிப் பிடிப்பது கடினம்.

* ஜாஸ் பேஸ் (1960): இதே உடலமைப்பைக் கொண்ட நான்கு தந்தி பேஸ் கிதார். பிற ஆஃப்செட் கருவிகளைப் போலன்றி, இது தொடக்கம் முதலே வெற்றி பெற்றது.

* பிற நிறுவனங்களின் கிதார்கள்: கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் செமி மோஸ்லி உருவாக்கிய மோஸ்ரைட் வென்சர்ஸ் வகை (1963), யப்பானின் யமஹா எஸ்ஜி-5, எஸ்ஜி-7 (1966) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. வென்சர்ஸ் குழு 1965 இல் யப்பானில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தைத் தொடர்ந்து அங்கு மின்கிதார் மோகம் பரவியது. யப்பானிய நிறுவனங்கள் புதுமையான சாய்வு வடிவங்களை உருவாக்கியது இக்காலத்திலேயே ஆகும்.

சேகரிப்பின் இன்பங்கள்

நிறங்கள்

சேகரிப்பாளர்களை முதலில் ஈர்ப்பது பெரும்பாலும் நிறமே ஆகும். ஃபெண்டர் நிறுவனம் 5 விழுக்காடு கூடுதல் விலைக்குச் சிறப்பு நிறங்களை வழங்கியது. இவை டூபாண்ட் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்கெனத் தயாரித்த வண்ணங்கள் ஆகும். எடுத்துக்காட்டாக, ஃபியஸ்டா ரெட் என்பது 1956 ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டு மகிழுந்தில் பயன்பட்ட நிறமாகும். 1960களின் தொடக்கத்திலிருந்து ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் ஆகியவற்றின் தலைப்பகுதிக்கும் உடலின் நிறமே பூசப்பட்டது.

இந்நிறங்கள் காலப்போக்கில் மாறுபவை. மேலே பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோசு மெருகு மஞ்சளாகும்போது வெண்மை பாலேட்டின் நிறத்தையும், லேக் பிளாசிட் புளூ என்னும் நீலம் பச்சைச் சாயலையும் பெறுகின்றன. முகப்புத் தகட்டைக் கழற்றினால், ஒளி படாத அதன் அடிப்பகுதியில் பழைய நிறம் மாறாமல் இருப்பதைக் காணலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அக்கிதார் எவ்வாறு இருந்தது என்பதை அச்சிறு பகுதி காட்டுகின்றது. சேகரிப்பாளர்கள் ஒரு கிதாரைப் பிரித்துப் பார்ப்பதில் காட்டும் ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலி

ஜாஸ்மாஸ்டரின் பிக்கப்பில் கம்பிச்சுருள் தட்டையாகவும் அகலமாகவும் சுற்றப்பட்டுள்ளதால் ஒலி ஒரே நேரத்தில் பிரகாசமாகவும் கனிவாகவும் அமைகின்றது. மேற்புறம் உள்ள ஒரு தள்ளு விசையால் இருண்ட, மென்மையான ஒலி தரும் தனிச்சுற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். டிரெமோலோ மிக நுண்ணிய அசைவுக்கும் இசைந்து கொடுக்கும். தந்தி ஒன்று அறுந்தாலும் பிற தந்திகளின் சுருதி கலையாதிருக்க ஒரு பூட்டும் உண்டு. குதிரைக்குப் பின்னுள்ள தந்திப் பகுதிகள் தாமாகவே அதிர்ந்து மெல்லிய எதிரொலியைச் சேர்க்கின்றன. பிறவகைக் கிதார்களில் இவ்வொலியைப் பெறுவது கடினம்.

கைத்தடங்கள்

கழுத்தின் அடிப்பகுதியில் உள்ள தேதி முத்திரை, பென்சில் குறிப்புகள், கையால் பற்றவைக்கப்பட்ட இணைப்புகள் ஆகியவை தொழிலாளர்களின் தடங்களாக எஞ்சியுள்ளன. 1956 இல் ஃபெண்டரில் பணியில் சேர்ந்த அபிகெயில் இபாரா போன்ற பெண் தொழிலாளர்கள் சுற்றிய பிக்கப்புகள் தனி மதிப்புடன் தேடப்படுகின்றன. கிதாருடன் வந்த பெட்டி, தோள்வார், விலைச்சீட்டு, குதிரையை மூடும் குரோமிய மூடி ஆகியவையும் சேகரிக்கப்படுகின்றன. குதிரை மூடியை வாசிப்பதற்கு இடையூறு எனக் கழற்றிய பலர், அதனைச் சாம்பல் கிண்ணமாகப் பயன்படுத்தியதால் அதற்கு அப்பெயரே நிலைத்துவிட்டது.

சேகரிப்பின் இடர்கள்

குதிரைச் சிக்கல்

பிரிட்ஜ் எனப்படும் குதிரையே இக்கிதார்களைப் பற்றிய முறையீடுகளில் முதலிடம் பெறுவதாகும். இது உடலில் உறுதியாகப் பொருத்தப்படுவதில்லை. இரண்டு கால்களின் கூர்முனைகள் மீது நின்று, டிரெமோலோவை அசைக்கும்போது தந்திகளுடன் சேர்ந்து ஆடும் வகையில் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு தந்தியும் பல காடிகள் வெட்டிய சிறு உருளை மீது செல்கின்றது. டிரெமோலோ குதிரையிலிருந்து தொலைவில் இருப்பதால் தந்திகள் குதிரையை மிகக் குறைந்த கோணத்திலேயே கடக்கின்றன. ஆகவே, அவை உருளைகளை அழுத்தும் விசை குறைவு.

1958 இல் வழக்கிலிருந்த தடித்த தந்திகளுக்கு இவ்வமைப்பு பொருத்தமாகவே இருந்தது. பின்னாளில் மெல்லிய தந்திகள் பரவியபோது மூன்று சிக்கல்கள் எழுந்தன. பலமாக மீட்டினால் தந்தி காடியிலிருந்து நழுவி அடுத்த காடிக்குச் செல்லும். உருளைகள் அதிர்ந்து கிறுகிறுவென ஓசை எழுப்பும். அதிர்வினால் உயரத் திருகாணிகள் தளர்ந்து, வாசித்துக்கொண்டிருக்கும்போதே உருளைகள் கீழிறங்கும். தந்தி நீளம் குறைந்த ஜாகுவாரில் தந்தி விறைப்பும் குறைவாதலால் இச்சிக்கல் மேலும் கடுமையாகும். பெருந்தொகை கொடுத்து வாங்கிய கிதார், பெட்டியைத் திறந்த முதல் நாளிலேயே இரைவது புதிய சேகரிப்பாளர் பலரின் அனுபவமாகும்.

இதற்குப் பின்வரும் தீர்வுகள் வழக்கில் உள்ளன:

* 0.011 அங்குலத்திலிருந்து தொடங்கும் அல்லது அதனினும் தடித்த தந்திகளைப் பூட்டுதல்.
* கழுத்தின் அடியில் மெல்லிய ஆப்பு ஒன்றை வைத்து, கழுத்தைச் சற்றே பின்சாய்த்துக் குதிரையை உயர்த்துதல். இதனால் தந்திகள் கடக்கும் கோணம் கூடும்.
* திருகாணிகள் தளராதிருக்கப் பூட்டும் பசை இடுதல்.
* ஒரே காடி கொண்ட மஸ்டாங் குதிரையையோ, மாஸ்டரி, ஸ்டேட்ரெம் போன்ற பிற்காலத் தயாரிப்புகளையோ பொருத்துதல்.
* பஸ் ஸ்டாப் எனப்படும் சிறு தகட்டை டிரெமோலோ மீது பொருத்தித் தந்திகளைக் கீழ்நோக்கி அழுத்துதல்.

இவை எல்லாவற்றையும் மரத்தை வெட்டாமலேயே செய்யலாம் என்பதும், வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மெய்த்தன்மையை அறிதல்

ஃபெண்டர் கிதாரின் கழுத்து நான்கு திருகாணிகளால் உடலுடன் இணைக்கப்படுகின்றது. ஆகவே, ஒரு கிதாரின் கழுத்தை இன்னொன்றுக்கு மாற்றுவது எளிது. தொடர் எண் அத்திருகாணிகளின் கீழ் உள்ள தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால் அதுவும் மாற்றத்தக்கதே. எண்களும் கால வரிசைப்படி பயன்படுத்தப்படவில்லை. எடுத்துக்காட்டாக, எல் என்னும் எழுத்தில் தொடங்கும் எண்கள் ஏறத்தாழ 1962 இறுதி முதல் 1965 வரையான காலத்தைக் காட்டுமேயன்றி, மாதத்தைக் காட்டா.

எனவே, பல சான்றுகளை ஒப்பிட வேண்டும். கழுத்தின் அடியில் உள்ள தேதி முத்திரை அவற்றுள் ஒன்று. பொட்டென்சியோமீட்டர்களின் பின்புறக் குறியீடு மற்றொன்று. 304 6320 என்ற குறியீட்டில் 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தையும், 63 என்பது 1963 ஆம் ஆண்டையும், 20 என்பது அவ்வாண்டின் இருபதாவது வாரத்தையும் குறிக்கும். இது அவ்வுறுப்பு செய்யப்பட்ட காலமே அன்றி, கிதார் செய்யப்பட்ட காலம் அன்று. 1966 ஆம் ஆண்டுக் குறியீடுடைய உறுப்புகள் பெரும் இருப்பில் இருந்ததால், சில ஆண்டுகள் கழித்துச் செய்யப்பட்ட கிதார்களிலும் அவை காணப்படுகின்றன.

உடல் மறுபூச்சு செய்யப்பட்டதா என்பதை அறிய ஆணித்துளைகள் உதவுகின்றன. ஏறத்தாழ 1964 வரை, வண்ணம் பூசி உலர்த்துவதற்காக உடலின் முகப்பில் சிறு ஆணிகள் அடிக்கப்பட்டன. பூச்சு முடிந்தபின் அவை பிடுங்கப்பட்டதால் துளைகளுக்குள் வெறும் மரமே தெரியும். துளைகளுக்குள் வண்ணம் இருந்தாலோ, துளைகளே இல்லாவிட்டாலோ அது மறுபூச்சு என ஐயுறலாம். புற ஊதா ஒளியில் பழைய மெருகும் புதிய மெருகும் வெவ்வேறாகத் தோன்றுவதும் ஒரு சோதனையாகும். மறுபூச்சு செய்த கிதாரின் விலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது இவ்வணிகத்தில் வழங்கும் பொது விதி. அரிய நிறத்துக்குக் கூடுதல் விலை கிடைப்பதால், சாதாரண நிறக் கிதாரை அரிய நிறத்தில் பூசி விற்கும் மோசடியும் நிகழ்கின்றது.

இக்கிதார்கள் மலிவாக இருந்த காலத்தில், விலையுயர்ந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைப் பழுதுபார்ப்பதற்காக இவற்றின் உறுப்புகள் கழற்றப்பட்டதும் உண்டு. முறுக்காணிகள், திருகாணிகள் போன்றவை இருவகைக்கும் பொதுவானவை. இதனால் முழுமையான ஆஃப்செட் கிதார்களின் எண்ணிக்கை மேலும் குறைந்தது.

உறுப்புகளின் சிதைவு

செல்லுலாய்டுத் தகடுகள் காலப்போக்கில் சுருங்கி, வளைந்து, திருகாணித் துளைகளில் வெடிக்கின்றன. பிக்கப்புகளின் மயிரிழை போன்ற கம்பிகள் அரிப்புற்று அறுந்துபோகின்றன. அவற்றை மீண்டும் சுற்றினால் ஒலி திரும்பும்; ஆனால் அசல் என்ற மதிப்பு திரும்பாது. டிரெமோலோ கைப்பிடி திருகாணியின்றிச் செருகப்படுவதால் தளர்ந்து தொங்குவதும் தொலைந்துபோவதும் வழக்கம்.

சட்டத் தடைகள்

1960களின் நடுப்பகுதி வரை மெட்டுப் பலகைகளுக்குப் பிரேசில் ஈட்டி மரம் பயன்பட்டது. அழிவை எதிர்நோக்கும் இம்மரம் 1992 முதல் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் உள்ளது. ஆகவே, அக்காலக் கிதார் ஒன்றை விற்பனைக்காக நாடு கடத்த உரிய அனுமதிச் சான்றுகள் தேவை. 2017 சனவரியில் ஈட்டிப் பேரினத்தின் பிற மரங்கள் அனைத்தும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பின்னாளில் பயன்பட்ட இந்திய ஈட்டியும் இதில் அடங்கும். இது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி மரமே ஆகும். இசைக்கலைஞர்களும் தயாரிப்பாளர்களும் எழுப்பிய எதிர்ப்பைத் தொடர்ந்து, 2019 நவம்பரில் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு இரண்டாம் பட்டியல் விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் ஈட்டிக்கு இவ்விலக்கு பொருந்தாது. சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் காலப்பகுதியின் கிதார்களே இத்தடைக்கு உட்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

மாற்றுவதா, பேணுவதா

இச்சேகரிப்பில் நீண்டகாலமாக நிலவும் விவாதம், பழைய கிதாரில் மாற்றம் செய்யலாமா என்பதாகும். மாற்றம் கூடாது என்போர், தொழிற்சாலை நிலையில் எஞ்சியுள்ள கிதார்கள் ஆண்டுதோறும் குறைந்து வருவதையும், வெட்டிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது என்பதையும் சுட்டுகின்றனர். மாற்றலாம் என்போர், வாசிக்க முடியாத இசைக்கருவி வெறும் மரப்பொருளே எனக் கூறுகின்றனர்.

இக்கிதார்களின் வரலாறு பின்னவர்களுக்கு ஓரளவு ஆதரவாக உள்ளது. கர்ட் கோபேன் வாங்கிய ஜாகுவாரின் பிக்கப்புகளை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றி, கூடுதல் குமிழும் விசையும் பொருத்தியிருந்தார். சேகரிப்பு விதிகளின்படி அது மதிப்பிழந்த கிதார். ஆனால், 2011 இல் ஃபெண்டர் நிறுவனம் அதன் நகலை வெளியிட்டபோது அம்மாற்றங்களையே பின்பற்றியது. சோனிக் யூத்தின் தர்ஸ்டன் மூர், லீ ரணால்டோ ஆகியோர் பெயரில் 2009 இல் வெளியான ஜாஸ்மாஸ்டர்களிலும், அவர்கள் செய்துகொண்ட மாற்றங்களுக்கு ஏற்பத் தனிச்சுற்று நீக்கப்பட்டது.

சோனிக் யூத் குழுவின் கருவிகள் கொண்ட சரக்குந்து 1999 சூலையில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு நகரில் திருடப்பட்டது. வெட்டியும் ஒட்டியும் மாற்றப்பட்ட அக்கிதார்களுக்குச் சந்தை மதிப்பு அதிகம் இல்லை. ஆனால், குறிப்பிட்ட பாடல்கள் குறிப்பிட்ட கிதார்களின் சுருதியையும் ஒலியையும் சார்ந்து இயற்றப்பட்டிருந்தன. அவற்றை இழந்த குழுவினரால் சில பாடல்களை முன்போல் வாசிக்க இயலவில்லை. பின்வந்த ஆண்டுகளில் சில கிதார்கள் ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. ஒரு கருவியின் சந்தை மதிப்பும் இசை மதிப்பும் வெவ்வேறானவை என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

நடைமுறையில் பலர் இடைவழி ஒன்றைப் பின்பற்றுகின்றனர். மரத்தை வெட்டாத மாற்றங்களை மட்டும் செய்து, கழற்றிய அசல் உறுப்புகளைப் பெயரிட்ட உறைகளில் இட்டுக் கிதார்ப் பெட்டியிலேயே வைக்கின்றனர். கிதாரை விற்கும்போது அவ்வுறுப்புகளும் அதனுடன் செல்கின்றன.

விலையும் மீள்தயாரிப்புகளும்

மலிவு காரணமாகப் புகழ்பெற்ற கிதார்கள், அப்புகழால் மலிவை இழந்தன. 2022 மே மாதத்தில் கர்ட் கோபேன் வாசித்த 1969 ஆம் ஆண்டு மஸ்டாங் ஒன்று ஏலத்தில் ஏறத்தாழ 45 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. மாணவர்களுக்கென மலிவாகச் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது அது. இத்தகைய விலை புகழ்பெற்றவரின் கருவிக்கு உரியது என்றாலும், சாதாரண பழைய ஆஃப்செட் கிதார்களும் தொடக்கநிலை இசைக்கலைஞர்களின் எல்லையைக் கடந்துவிட்டன. எனினும், அதே ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரை விட ஜாஸ்மாஸ்டரின் விலை பொதுவாகக் குறைவாகவே உள்ளது.

இவ்விடைவெளியை மீள்தயாரிப்புகள் நிரப்புகின்றன. 1986 இல் யப்பானில் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் ஆகியவற்றின் மீள்தயாரிப்பு தொடங்கியது. 1999 இல் அமெரிக்காவிலும் 1962 ஆம் ஆண்டு மாதிரிகள் மீண்டும் செய்யப்பட்டன. 2007 இல் ஜே மாஸ்கிஸ் பெயரிலும், 2012 இல் ஜானி மார் பெயரிலும் தனி வகைகள் வெளியாயின. ஸ்குவையர் என்ற பெயரில் 2011 இல் வெளியான ஜே மாஸ்கிஸ் ஜாஸ்மாஸ்டர், குறைந்த விலையில் இவ்வமைப்பைப் பலருக்கும் கொண்டுசேர்த்தது. இவற்றுள் பலவற்றில் குதிரைச் சிக்கல் தொழிற்சாலையிலேயே திருத்தப்பட்டுள்ளது. யப்பானில் 1980களிலும் 1990களிலும் செய்யப்பட்டவை இப்போது தாமே சேகரிப்புப் பொருட்களாகி வருகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* மின்கிதார்
* லியோ ஃபெண்டர்
* ஸ்ட்ராட்டோகாஸ்டர்
* சர்ஃப் இசை
* ஈட்டி மரம்

பகுப்புகள்: கிதார்கள் | தந்தி இசைக்கருவிகள் | சேகரிப்புப் பொழுதுபோக்குகள்